விளக்கு வந்த ஊரில் நூலும் வந்தது

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சிக் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)





சென்ற மாதம் நம் வட்டாரத்தின் தென்கோடியில் உள்ள ஓர் ஊருக்குச் சென்றிருந்தோம். ஊரின் நடுவே நல்ல சுவரும் நல்ல கூரையும் உடைய படிப்பகம் ஒன்று நிற்கிறது. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தார் தம் பொருளைச் செலவிட்டுக் கட்டிக் கொடுத்தது அது. திறப்பு விழாவன்று மேளம் முழங்கிற்று; வாழையும் தோரணமும் கட்டப்பட்டன; பெயர் பொறித்த கல்லின் திரை விலக்கப்பட்டது. இன்று அதன் கதவில் பூட்டுத் தொங்குகிறது. திண்ணையில் ஆடுகள் கட்டப்பட்டிருக்கின்றன. சாவி எங்கே என்று வினவினோம். ஊரார் நிறுவனத்தாரைச் சுட்டினர். நிறுவனத்தாரின் பொறுப்பாளரோ பணி முடிந்து வேறு மாவட்டம் சென்றுவிட்டார். சன்னல் வழியே பார்த்தோம். நூல்கள் அடுக்கியது அடுக்கியபடியே இருந்தன. அலமாரியின் காலில் கறையான் ஏறத் தொடங்கியிருந்தது.

அதே வாரத்தில், மின்சாரம் உற்பத்தி செய்யும் வேறொரு நிறுவனத்தார் நம் அலுவலகத்திற்கு வந்தனர். நம் வட்டாரத்தில் மூன்று ஊர்களில் பொதுநலப் பணி செய்ய விரும்புவதாகத் தெரிவித்தனர். மூன்று ஊர்களும் கலையரங்கமே வேண்டுமென்று கேட்டுள்ளன. கேட்பது தவறன்று. ஆயினும், எதைக் கேட்பது, எவ்வாறு கேட்பது, பெற்றதை யார் காப்பது என்பனவற்றை வரும் கிராம சபையில் முடிவு செய்வதற்கு முன், இதே வினாக்களை எதிர்கொண்ட வேறொரு நாட்டு உழவர்களின் வரலாற்றை அறிந்துகொள்வது நலம். அதனைச் சொல்லவே இன்று நாம் இங்கு நிற்கிறோம்.

டென்னஸி ஆற்றின் கரையில்

அமெரிக்க நாட்டின் தென்கிழக்கில் டென்னஸி என்னும் ஆறு ஓடுகிறது. அதன் நீளம் ஏறக்குறைய 1,050 கிலோமீட்டர். ஏழு மாநிலங்களின் நிலம் அதன் வடிநிலத்தில் அடங்கும். 1930-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அப்பகுதி அந்நாட்டின் மிக வறிய பகுதிகளுள் ஒன்று. மழைக்காலத்தில் வெள்ளம் விளைநிலத்தின் மேல்மண்ணை வாரிக்கொண்டு போயிற்று. ஓயாமல் பயிரிட்ட நிலம் சாரமிழந்தது. மலேரியாக் காய்ச்சல் குடும்பம் குடும்பமாக மக்களை வீழ்த்திற்று. அந்நாட்டின் நகரங்கள் மின்விளக்கில் ஒளிர்ந்த அந்நாளில், நாடு முழுவதும் பார்த்தாலும் பத்துப் பண்ணை வீடுகளுக்கு ஏறக்குறைய ஒரு வீட்டிலேயே மின்சாரம் இருந்தது. டென்னஸிப் பள்ளத்தாக்கில் அதனினும் குறைவு. கம்பி இழுக்கும் செலவுக்கு ஏற்ற வருவாய் உழவரிடமிருந்து வாராது என்று தனியார் மின் நிறுவனங்கள் ஒதுங்கி நின்றன.

இந்நிலையில் 1933-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். அதன்படி பிறந்ததே டென்னஸிப் பள்ளத்தாக்கு ஆணையம். அரசின் அதிகாரமும், வணிக நிறுவனத்தின் சுறுசுறுப்பும் ஒருங்கே உடையதாக அது அமைக்கப்பட்டது. வெள்ளம் தடுத்தல், படகுப் போக்குவரத்து, மண்வளம் காத்தல், மின்சாரம் ஆக்கி விற்றல் ஆகிய யாவும் அதன் பொறுப்பாயின. நம் நாட்டில் 1948-இல் தோன்றிய தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் இதனை முன்மாதிரியாகக் கொண்டே அமைக்கப்பட்டது என்பதைப் பலரும் அறிவீர்கள்.

அணைகளைப் பற்றியும் மின் நிலையங்களைப் பற்றியும் கூறப் புகுந்தால் பொழுது போதாது. அந்த ஆணையம் ஊர்களின் கல்விக்கும் பொது வாழ்வுக்கும் என்ன செய்தது, அவற்றுள் எது நிலைத்தது, எது பிழையாயிற்று என்பதை மட்டுமே எடுத்துக்கொள்வோம்.

ரம்பம் தீட்டுமிடத்தில் நூல் நிலையம்

ஆணையம் கட்டிய முதல் அணை நாரிஸ் அணை. 1933 அக்டோபரில் தொடங்கிய வேலை 1936-இல் நிறைவுற்றது. அங்கு ஒரு தொழிலாளியின் வேலை நேரம் நாளொன்றுக்கு ஐந்தரை மணி. ஒரு நாளைக்கு நான்கு முறை ஆள் மாறினர். இதனால் பலருக்கு வேலை கிடைத்தது. அன்றியும், எஞ்சிய பொழுதில் அவர்கள் தச்சு, மின்சார வேலை, பண்ணைத் தொழில் முதலியவற்றைக் கற்க வகுப்புகள் நடத்தப்பட்டன. அணை கட்டி முடிந்ததும் தொழிலாளி வெறுங்கையோடு ஊர் திரும்பலாகாது என்பது ஆணையத்தின் முதல் தலைவர் ஆர்தர் மார்கனின் எண்ணம்.

வகுப்புக்கு நூல் வேண்டும். நூல் வேண்டுமாயின் நூலகம் வேண்டும். 1934-இல் நூலகப் பணியை மேற்பார்க்க மேரி ராத்ராக் என்னும் அம்மையார் அமர்த்தப்பட்டார். அதற்கு முன் நாக்ஸ்வில் நகரின் பொது நூலகத்தைப் பல்லாண்டுகள் நடத்தியவர் அவர். தொழிலாளி நூலகத்தைத் தேடி வருவான் என்று அவர் காத்திருக்கவில்லை. தொழிலாளி எங்கு வருவானோ அங்கு நூலை அனுப்பினார்.

நீர்த்தேக்கம் அமையவேண்டிய பரப்பில் மரங்களை வெட்டிய குழுவினர் காடு காடாக இடம் மாறிக்கொண்டிருந்தனர். அவர்கள் நாள்தோறும் தவறாது வரும் இடம் ஒன்று உண்டு. அது ரம்பம் தீட்டும் இடம். ஆகவே, கருவிகளோடு கருவிகளாக நூற்பெட்டியும் அங்கு வைக்கப்பட்டது; ரம்பம் தீட்டுபவரே நூலகரானார். மழுங்கிய ரம்பத்தைக் கொடுத்துக் கூரிய ரம்பத்தை வாங்கும்போதே, படித்து முடித்த நூலைக் கொடுத்துப் புதிய நூலை வாங்கிச் சென்றனர். அவர்தம் குடும்பத்தாருக்கும் அண்டை ஊராருக்கும் மளிகைக் கடையிலும், அஞ்சல் நிலையத்திலும், பெட்ரோல் விற்கும் இடத்திலும் நூல்கள் வைக்கப்பட்டன. நூல் ஏற்றிய மோட்டார் வண்டி ஊர் ஊராகச் சென்றது.

அன்பர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இதற்கெனப் பெருங்கட்டடம் எதுவும் எழவில்லை. இருந்த இடமும் இருந்த ஆளும் பயன்பட்டனர்.

இதனினும் சிறந்த செய்தி ஒன்று உண்டு. தானே நூலகம் நடத்துவதைக் காட்டிலும், அப்பகுதியில் முன்னரே இருந்த பொது நூலகங்களோடு எழுத்து மூலம் உடன்பாடு செய்துகொள்வதையே ஆணையம் விரும்பிற்று. ஆணையம் பணம் தரும். உள்ளூர் நூலகம் ஆள் வைத்து நடத்தும். பல மாவட்டங்கள் சேர்ந்து நூலகப் பணி நடத்தும் வழக்கம் இவ்வாறு அங்கே வேரூன்றியது. அணை வேலை முடிந்தது, தொழிலாளர் கலைந்தனர், ஆணையத்தின் உதவியும் நின்றது. ஆயினும், வண்டியில் வந்த நூலைப் படித்துப் பழகிய மக்கள் அதனை விட மனமின்றித் தம் மாவட்ட ஆட்சியையும் மாநில ஆட்சியையும் நெருங்கிப் பொருள் கேட்டனர். டென்னஸி மாநிலத்தில் வட்டார நூலகங்கள் நிலைபெற்றதற்கு இத்தொடக்கம் பெருந்துணையாயிற்று. ராத்ராக் அம்மையார் பின்னர் 1946-இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் தலைமைப் பதவியையும் ஏற்றார்.

கொடுத்தவர் போன பின்னும் கொடை நின்றது எதனால்? தொடக்கத்திலேயே அது உள்ளூரார் கையில் இருந்தமையால்.

அண்டையார் தேர்ந்த பண்ணை

உழவர் பெருமக்களுக்குப் பிடித்த செய்தி ஒன்றையும் கூறுவோம். ஆணையம் மசில் ஷோல்ஸ் என்னுமிடத்தில் பாஸ்பேட் உரம் செய்து, முன்மாதிரிப் பண்ணைகளுக்கு வழங்கிற்று. அப்பண்ணைகளை அதிகாரிகள் தாமாகத் தேர்ந்தெடுக்கவில்லை. ஊரார் கூடி, தம்முள் ஒருவரைத் தேர்ந்தனர். அவ்வுழவர் உரத்தைக் கொண்டுவரும் வண்டிக்கூலியைத் தாம் ஏற்றார், கணக்கு எழுதினார், சரிவு நிலத்தில் வரப்பிட்டு மண்ணைக் காத்தார். விளைச்சலை அண்டையார் வந்து பார்த்தனர். அவர் வென்றாலும் தோற்றாலும் அது ஊரார் அறிந்த வெற்றி தோல்வியாயிற்று.

மின்சாரமும் இவ்வாறே. ஆணையம் மின்சாரத்தை மொத்தமாக விற்கும். ஊர் மன்றங்களும் உழவர் கூட்டுறவுச் சங்கங்களும் அதனை வாங்கி வீடுகளுக்கு வழங்கும். 1934-இல் மிசிசிப்பி மாநிலத்து டுபலோ என்னும் சிறுநகர் முதலில் வாங்கிற்று. அதே ஆண்டில் அருகிலுள்ள அல்கார்ன் மாவட்டத்து மக்கள் தமக்கெனச் சங்கம் அமைத்தனர். இன்றும் 150-க்கு மேற்பட்ட உள்ளூர் அமைப்புகள் வழியாகவே அம்மின்சாரம் பெரும்பாலான வீடுகளுக்குச் செல்கிறது.

மறைக்கலாகாத மறுபக்கம்

இனி, இவ்வரலாற்றின் இருண்ட பக்கத்தையும் சொல்லாவிடில் நாம் உண்மை சொன்னவர் ஆகமாட்டோம்.

நாரிஸ் நீர்த்தேக்கத்திற்காக ஏறத்தாழ 3,000 குடும்பங்கள் தம் வீடு வாசலை விட்டு வெளியேறின. லாய்ஸ்டன் என்னும் ஊர் நீரில் மூழ்கிற்று. 5,000-க்கு மேற்பட்ட கல்லறைகள் தோண்டி இடம் மாற்றப்பட்டன. நில உடைமையாளருக்கு விலை கிடைத்தது. வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுதவருக்கு நிலத்தின் பொருட்டு எதுவும் கிடைக்கவில்லை. உழுதவன் பெயர் பட்டாவில் இல்லையெனில் அவன் இழப்பும் கணக்கில் ஏறாது என்பதை நம் உழவர்களுக்கு விளக்கவேண்டுவதில்லை.

அணைத் தொழிலாளருக்காக நாரிஸ் என்னும் அழகிய சிற்றூரை ஆணையம் கட்டிற்று. நல்ல வீடுகள், பள்ளி, பொதுக்கூடம், நூலகம் எல்லாம் அமைந்தன. ஆயினும், அவ்வூரில் குடியிருக்கக் கறுப்பின மக்களுக்கு இடமளிக்கப்படவில்லை. அதே அணையில் உழைத்தவர்கள் அவர்கள். ஆனால் அவ்வூரின் விளக்கு அவர்களுக்கு எரியவில்லை. கறுப்பின மக்களின் சங்கத்தார் இதனைக் கண்டித்து முறையிட்டனர். நூலகமும் பொதுக்கூடமும் எவ்வளவு சிறந்தவையாயினும், ஒரு பகுதியாரை வாயிலில் நிறுத்துமாயின் அதனைப் பொதுவாழ்வு என்று எவ்வாறு சொல்வது?

இன்னொன்றும் உண்டு. டென்னஸி என்னும் பெயரே தனசி என்ற ஊரின் பெயரிலிருந்து வந்தது. அது செரோக்கி என்னும் பழங்குடியினரின் ஊர். 1979-இல் டெல்லிக்கோ அணையின் மதகுகள் மூடப்பட்டபோது, தனசி இருந்த இடமும், அம்மக்களின் தலைமையூராக விளங்கிய சோட்டா இருந்த இடமும் நீரில் மூழ்கின. ஆற்றுக்குப் பெயர் தந்த ஊரை, அந்த ஆற்றின் பெயர் தாங்கிய ஆணையமே மூழ்கடித்தது. பின்னர் 1986-இல், செரோக்கி எழுத்து முறையை ஆக்கிய சீக்வோயா பிறந்த வட்டாரத்தில், அவர் நினைவாக அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. அது கிழக்குச் செரோக்கி மக்களின் உடைமையாகவே நடைபெறுகிறது. இழந்த ஊரை அது மீட்டுத் தரவில்லை. தம் கதையைத் தாமே சொல்லும் உரிமையையேனும் அவர்களுக்கு அளித்தது.

நாரிஸ் அணையால் இடம்பெயர்ந்த குடும்பமொன்றில் பிறந்தவர் ஜான் ரைஸ் எர்வின். பிற்காலத்தில் கல்வித் துறையில் பணியாற்றிய அவர், மலைநாட்டு மக்களின் ஏர், தறி, யாழ் போன்ற நரம்புக் கருவிகள், மரவீடுகள் ஆகியவற்றை வீடு வீடாகச் சென்று திரட்டினார். ஒவ்வொரு பொருளும் யாருடையது, எவ்வாறு பயன்பட்டது என்பதையும் கேட்டு எழுதி வைத்தார். 1960-களின் இறுதியில் அவர் தொடங்கிய அருங்காட்சியகம் நாரிஸ் ஊருக்கு அருகில் இன்றும் விளங்குகிறது. அணை கட்ட ஆணையம் வேண்டியிருந்தது. பாட்டனின் ஏரைப் பாதுகாக்க ஊர்க்காரர் ஒருவர் வேண்டியிருந்தார்.

கொடையா, கடமையா?

பெருநிறுவனம் ஊருக்குத் தருவது அதன் மனமிரங்கிய கொடையா, அன்றிச் செலுத்தவேண்டிய கடமையா என்ற வினாவும் அங்கே எழுந்தது. ஆணையம் அரசின் உடைமையாதலால் அதற்கு வரியில்லை. அதன் நீர்த்தேக்கத்தில் மூழ்கிய நிலத்திற்கு வரி வசூலிக்க இயலாமல் மாவட்டங்கள் பள்ளி நடத்தவும் சாலை போடவும் பணமின்றித் தவித்தன. ஆதலால் 1940-இல் சட்டம் திருத்தப்பட்டது. மின்விற்பனை வருவாயில், மத்திய அரசு அலுவலகங்களுக்கு விற்றது நீங்கலாக, முதலில் நூற்றுக்குப் பத்தும், படிப்படியாகக் குறைந்து பின்னர் நூற்றுக்கு ஐந்தும், மாநிலங்களுக்கும் மாவட்டங்களுக்கும் வரிக்கு ஈடாகச் செலுத்துவது கடமையாயிற்று. அம்முறை இன்றும் நடக்கிறது. கைகூப்பிப் பெறுவது வேறு. கணக்கிட்டுப் பெறுவது வேறு.

நம் நாட்டிலும் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறித்த தகுதியுடைய கம்பெனிகள் தம் முந்தைய மூன்றாண்டு நிகர இலாபத்தின் சராசரியில் நூற்றுக்கு இரண்டைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும் என்று விதிக்கிறது. தாம் தொழில் நடத்தும் பகுதிக்கு முதலிடம் தரவேண்டும் என்றும் கூறுகிறது. அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பொது நூலகம் அமைத்தலும், மரபுக் கலைகளையும் கைத்தொழில்களையும் வளர்த்தலும் இடம்பெற்றுள்ளன. அப்பணத்தில் உருவாகும் சொத்தைக் கம்பெனி தன் பெயரில் வைத்துக்கொள்ளலாகாது என்று 2021-இல் விதி செய்யப்பட்டது. ஊராட்சி போன்ற பொது அமைப்பின் பெயரில் அது இருக்கலாம். ஆகவே, வாயிலுக்கு வந்த நிறுவனத்தாரை நன்றியோடு வரவேற்போம். ஆனால் தலை தாழ்த்தி நிற்கவேண்டுவதில்லை.

நாம் செய்யவேண்டுவன

நூலை மக்களிடம் கொண்டுசெல்லும் கலை நமக்குப் புதிதன்று. டென்னஸி ஆணையம் பிறப்பதற்கு இரண்டாண்டு முன்பே, 1931-இல், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகம் அமைத்து ஊர் ஊராக அனுப்பினார். நூலக அறிஞர் இரங்கநாதன் அதற்குத் துணை நின்றார். 1948-ஆம் ஆண்டிலேயே பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் நம்முடையது. நம் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே செலுத்துகிறோம். ஆகவே, நமக்குக் குறைவு முன்மாதிரி அன்று. நம் குறைவு பொறுப்பேற்பதில் உள்ளது.

வரும் கிராம சபைத் தீர்மானத்தில் ஐந்து செய்திகள் இடம்பெற வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவது, கட்டடத்திற்கு முன் ஆளைத் தீர்மானியுங்கள். கதவை எவர் திறப்பார், எந்த நேரத்தில் திறப்பார், அவருக்கு ஊதியம் எங்கிருந்து வரும் என்று எழுதுங்கள். இம்மூன்றுக்கும் விடை இல்லையெனில் கட்டடம் கேட்கவேண்டா. தேநீர்க் கடையிலோ, பால் கூட்டுறவுச் சங்கத்திலோ ஓர் அலமாரி வைத்துத் தொடங்கினாலும் போதும். பால் ஊற்ற வரும் பெண்மணி நூலும் எடுத்துச் செல்வார்.

இரண்டாவது, சொத்து ஊராட்சியின் பதிவேட்டில் ஏறட்டும்; சாவி ஊராரிடம் இருக்கட்டும்.

மூன்றாவது, நிறுவனத்தாரோடு ஆண்டுக் கணக்கில் எழுத்து உடன்பாடு செய்துகொள்ளுங்கள். அவர்தம் உதவி ஆண்டுதோறும் சிறிது குறைந்து, ஊரின் பங்கு சிறிது கூடட்டும். அவர்கள் விடைபெறும் நாளில் நாம் திகைத்து நிற்க நேராது.

நான்காவது, இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நாரிஸ் ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரின் எல்லாத் தெருவினரும், ஆதிதிராவிடர் குடியிருப்பினரும், பெண்களும், தயக்கமின்றி வந்து அமரக்கூடிய இடமா என்று பாருங்கள். ஒரு தெருவாரின் திண்ணைக்கு எதிரே, மற்றவர் செருப்பைக் கழற்றி நடக்கவேண்டிய இடத்தில் படிப்பகம் அமையுமாயின், அதனைக் கட்டாமலிருப்பதே நன்று.

ஐந்தாவது, ஊரின் கலை எது என்பதை ஊரே தீர்மானிக்கட்டும். மேடை கட்டித் தருபவர் மேடையில் ஆடவேண்டியதைத் தீர்மானிக்கலாகாது. தெருக்கூத்துக் கலைஞர் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். நடவுப் பாட்டு அறிந்த மூதாட்டியரும் இருக்கின்றனர். கமலையும் ஏற்றமும் பரணிலும் தொழுவத்திலும் கிடக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் அவற்றை வரைந்து, பெயரெழுதி, பெரியோரைக் கேட்டுக் குறித்துவைக்க, நிறுவனத்தார் தாளும் பேழையும் வாங்கித் தரட்டும். இதற்குச் செலவு சிறிது. ஆனால் பிந்தினால் எத்தொகைக்கும் கிடைக்காது.

பூட்டிய படிப்பகத்தைப் பற்றிச் சொல்லி உரையைத் தொடங்கினோம். அதனைப் பற்றியே சொல்லி முடிக்கிறோம். அப்பூட்டைத் திறக்கவேண்டி நிறுவனத்தாருக்குக் கடிதம் எழுதியுள்ளோம். கடமையில் நம் அலுவலகமும் தவறியது என்பதை ஒப்புக்கொள்கிறோம்; திறப்பு விழாவுக்குச் சென்ற நாம், சாவி யாரிடம் இருக்கும் என்று அன்று கேட்டிருக்கவேண்டும். அவ்வூர்த் தலைவர் வரும் கிராம சபையில் இப்பொருளை முதலாவதாக வைப்பதாக வாக்களித்துள்ளார். மாலை ஐந்து முதல் எட்டு மணி வரை கதவைத் திறந்துவைக்க அவ்வூர் மகளிர் குழுவினர் இருவர் முன்வந்துள்ளனர். கறையான் ஏறாத நூல்கள் இன்னும் பல உள்ளன. ஆடுகளுக்கு வேறு நிழல் கிடைக்கும். பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணை வேண்டும்.

மூன்று ஊர்களின் தீர்மானங்களையும் எதிர்பார்த்திருக்கிறோம்.